டீ பெட்டு, மீன் பெட்டு, ரெட் பெட்டு... கல்மண்டபம் கேரம் போர்டில் ஒரு மாலை!

மாலை ஆறு மணிக்கு மேல் கல்மண்டபம் பக்கம் நடந்தால், ஆட்டோ ஹார்னையும் லாரி சத்தத்தையும் தாண்டி ‘டக்... டக்...’ என்று ஒரு சத்தம் காதில் விழும். அதைப் பிடித்துக்கொண்டே தெருவுக்குள் திரும்பினால், ஒரு மன்றத்தின் வாசலிலோ, ஷட்டர் இறக்கிய கடைக்கு முன்னாலோ ஒரு கேரம் போர்டு கிடக்கும். உட்கார்ந்திருப்பவர்கள் நான்கு பேர். சுற்றி நிற்பவர்கள் எட்டுப் பேர். மேலே தகர மூடி போட்ட ஒரு பல்பு. ஓரத்தில் போரிக் பவுடர் டப்பா.

புதிதாக ஒருவர் வந்து நின்றால், முதல் கேள்வி பெயரோ ஊரோ அல்ல. “இன்னா, டீ பெட்டா?”

வடசென்னையில் கேரம் போர்டு பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. டீ பெட்டு என்றால் தோற்ற ஜோடி எல்லோருக்கும் டீ சொல்ல வேண்டும். எல்லோருக்கும் என்றால், ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், சுற்றி நின்று ‘கட் அடி, கட் அடி’ என்று ஐடியா கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரை. காசு போகிறது, ஆனால் போன காசு பத்தடி தூரத்து டீக்கடையில் கண்ணாடி கிளாஸில் திரும்பி வந்துவிடுகிறது. தோற்றவரும் அதில் ஒரு கிளாஸ் குடிக்கிறார். இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் போர்டுகளில் எது விளையாட்டு, எது சூதாட்டம் என்பதற்கான கோடு இந்த டீ கிளாஸில்தான் இருக்கிறது.

கல் மண்டபமும் கடல் காற்றும்

கல்லால் கட்டிய மண்டபத்தின் பெயரே ஏரியாவுக்கும் நிலைத்துவிட்டது. இன்று மேற்கு கல்மண்டபம் சாலை, கிழக்கு கல்மண்டபம் சாலை என்று இரண்டு சாலைகள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. ஒரு பக்கம் பழைய வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைகள், இன்னொரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம், நடுவில் ராயபுரம். பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பார்கள். அவர் பெயரில் அமைந்த தேவாலயத்தை ஒட்டித்தான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இந்த ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்டதும் இங்கே இருக்கும் ராபின்சன் பூங்காவில்தான். அந்த அரசியல் சூட்டின் மிச்சம் இன்றும் தெருவுக்குத் தெரு தெரியும். மன்றம், படிப்பகம், நற்பணி மன்றம் என்று பெயர்ப்பலகைகள். தலைவர் படம் மாறும், நடிகர் படம் மாறும். உள்ளே இரண்டு விஷயங்கள் மாறாது: ஒன்று, காலை பேப்பர். இன்னொன்று, கேரம் போர்டு.

ஏன் கேரம்? இடம்தான் காரணம். கிரிக்கெட்டுக்கு மைதானம் வேண்டும், ஃபுட்பாலுக்கும் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வசிக்கும் தெருக்களில், 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்று மைதானமாகிவிடுகிறது. ஒரு போர்டு வாங்கினால் பல வருஷம் ஓடும். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு எந்த நேரத்திலும் ஆட ஆள் கிடைக்கும். மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது.

கடல் காற்று மட்டும் தொல்லை. ஈரம் ஏறினால் போர்டு ‘இழுக்கும்’. பவுடர் கட்டிக்கொள்ளும், 15 கிராம் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் சோர்ந்துவிடும். கடலோர ஏரியா ஆட்டக்காரர்கள் அதற்கேற்பக் கையை மாற்றிக்கொள்கிறார்கள். வெளியூர் ஆள் வந்து முதல் போர்டில் திணறுவதைப் பார்த்துச் சிரிப்பது இங்கே ஒரு தனி ரசனை.

இந்தப் பலகைகள் சும்மா பொழுதுபோக்கோடு நிற்கவில்லை. சென்னைக்காரரான ஏ. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸில் உலகப் பட்டம் வென்றார். மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் எடுத்த காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுநர். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோது, கேரம் ஆடினால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு இந்த ஏரியா அம்மாக்களுக்கு முதல்முறையாக ஒரு தொகையாகப் பதில் கிடைத்தது. 2018-ல் வந்த வெற்றிமாறனின் ‘வடசென்னை’ படத்தில் தனுஷ் கேரம் ஆட்டக்காரராக வந்தது சினிமாவுக்காகச் சேர்த்த அலங்காரம் இல்லை என்பது கல்மண்டபத்தில் பத்து நிமிடம் நின்றால் புரியும்.

என்னென்ன பெட்டு?

டீ பெட்டு அரிச்சுவடி. கொஞ்சம் முன்னேறினால் டிபன் பெட்டு: பஜ்ஜி, போண்டா, வடை. அடுத்தது அத்தோ பெட்டு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களோடு வந்த நூடுல்ஸ் அது. முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்பு. ஐந்து பேருக்கு அத்தோ வாங்குவதென்றால் தோற்றவர் பர்ஸ் கொஞ்சம் இளைக்கும். அதனால் அத்தோ பெட்டில் ஆட்டமும் கொஞ்சம் இறுகும். சிரிப்பு குறைந்து, ‘இரு மச்சி, நான் அடிக்கறேன்’ என்ற குரல் அதிகமாகும்.

காசிமேடு பக்கம் மீன் பெட்டும் உண்டு. தோற்றவர் மீன் வறுவல் வாங்கித் தர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னுவது, படகு பழுது பார்ப்பது போக மிச்ச நேரம் போர்டுக்குத்தான். ஆனால், அந்த இரண்டு மாதம் கையில் வருமானம் இல்லாத மாதமும்கூட. போர்டில் ஆள் கூடும் நேரமும், வீட்டில் காசு குறையும் நேரமும் ஒன்றாக வருவதால், தடைக்காலத்தில் மீன் பெட்டு மறுபடி டீ பெட்டாக இறங்கிவிடுவதுதான் மரியாதை.

சாப்பாடு இல்லாத பெட்டுகளும் இருக்கின்றன. ‘ரெட் பெட்டு’ என்றால் போர்டை யார் ஜெயித்தாலும் சரி, சிவப்புக் காயைப் போட்டு ஃபாலோவும் எடுத்தவருக்குத் தனிக் கணக்கு. நன்றாக ஆடத் தெரியாத ஆளுக்கும் ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. முழு போர்டையும் ஜெயிக்க முடியாதவர், ஒரு நல்ல கையில் ரெட்டைத் தூக்கிவிடலாம். ரெட்டைப் போட்டுவிட்டு அடுத்த காயைத் தவறவிட்டால், ரெட் மறுபடி நடுவுக்கு வரும். அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் எழுப்பும் ‘ஊ...’ சத்தத்துக்கு டீயைவிட வலி அதிகம்.

கைதேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் மோதினால்? பாயின்ட் கொடுத்து ஆடுவார்கள். சங்கப் போட்டிகளில் ஆட்டம் 25 பாயின்ட். தெருவில் பழைய கணக்கில் 29 வைத்து ஆடுபவர்கள் இன்னும் உண்டு. அதில் பத்து பாயின்ட்டை முன்னாலேயே சின்னவனுக்குக் கொடுத்துவிட்டு ‘இப்ப வா’ என்பார் பெரியவர். சில பேர் இடது கையால் ஆடுவதாக ஒத்துக்கொள்வார்கள். இது பெருந்தன்மைபோலத் தெரியும். உண்மையில் இப்படிச் சமன் செய்யாமல் பெட்டு கட்டினால் நல்ல ஆட்டக்காரரோடு யாரும் உட்கார மாட்டார்கள். அவர் தனியாகத்தான் காய் அடுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பெட்டு உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. போர்டு ஒன்று, காத்திருப்பவர்கள் எட்டுப் பேர் என்றால், ‘தோத்தா எழுந்துடணும்’. ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்கும் உட்காரலாம். தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் முக்கால் மணி நேரம் நின்று, எட்டு நிமிஷத்தில் தோற்று, மறுபடி நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த ஸ்டூலைவிடப் பெரிய பந்தயப் பொருள் அந்தத் தெருவில் கிடையாது.

கோல்ஃப்காரர்கள் எழுதி வைத்த விதி

விளையாட்டோடு சின்னப் பந்தயத்தைச் சேர்த்து, அதற்கு விதவிதமாகப் பெயரும் வைத்திருப்பதில் கோல்ஃப் ஆட்டக்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. சென்னையில் கோல்ஃப் என்றால் கிண்டிப் பக்கம் போக வேண்டும். கல்மண்டபத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம், கிலோமீட்டரில் மட்டுமல்ல. ஆனால் பந்தயங்களைப் பார்த்தால் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி இருக்கின்றன.

‘நாசா’ என்று அழைக்கப்படும் ஒரு பந்தயம் இருக்கிறது. ராக்கெட் விடும் நாசா இல்லை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் இருக்கும் நாசா கன்ட்ரி கிளப்பின் பெயர். 1900 வாக்கில் அங்கே பிறந்தது. 18 குழி ஆட்டத்தில் முதல் ஒன்பதுக்கு ஒரு பந்தயம், அடுத்த ஒன்பதுக்கு ஒரு பந்தயம், மொத்தத்துக்கு ஒரு பந்தயம். முதல் பாதியில் மண்ணைக் கவ்வியவருக்கும் இரண்டாம் பாதியில் புது வாழ்வு. ‘ஸ்கின்ஸ்’ என்று இன்னொன்று. ஒவ்வொரு குழிக்கும் தனிப் பந்தயம், சமன் ஆனால் அந்தத் தொகை அடுத்த குழிக்குப் போய்ச் சேரும். நம் ஊர் ரெட் மறுபடி நடுவுக்கு வருவதுபோலத்தான். திறமை குறைந்தவருக்கு முன்கூட்டியே சலுகை கொடுப்பதை அவர்கள் ஹேண்டிகேப் என்கிறார்கள். இங்கே ‘பத்து பாயின்ட் வெச்சுக்கோ’.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பணத்துக்காக ஆடாதவர்கள் நட்புக்காகப் பந்தயம் கட்டலாமா என்ற கேள்விக்கு, அமெரிக்க கோல்ஃப் சங்கம் எழுத்துபூர்வமாகவே பதில் வைத்திருக்கிறது. ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். விருப்பம் உள்ளவர் மட்டும் சேர வேண்டும். பணம் ஆடுபவர்களின் பையிலிருந்து மட்டுமே வர வேண்டும். தொகை அளவுக்கு மீறக் கூடாது. ஆட்டத்தின் நோக்கம் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

கல்மண்டபத்தில் யாரும் இதை எழுதி ஒட்டவில்லை. ஆனால் நல்ல போர்டு ஒன்றில் நடப்பது அச்சு அசல் இதுதான். தெரியாத ஆளிடம் காசுப் பந்தயம் கிடையாது. ‘வேணாம்ணே, சும்மா ஆடலாம்’ என்று ஒருவர் சொன்னால் வற்புறுத்தக் கூடாது. வெளியே நிற்பவர் ‘அவன் மேல நூறு’ என்று ஆரம்பித்தால், போர்டில் இருக்கும் வயதான ஒருவர் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்த ஒரு பெரியவர் இருக்கும் போர்டுதான் நல்ல போர்டு. இல்லாத போர்டுகளும் இருக்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

டீ வாங்கித் தராமல் நழுவிய நண்பர்மீது கேஸ் போட முடியுமா? முடியாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவின்படி, பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த காசைக் கேட்டு நீதிமன்றம் போக வழியில்லை. ஆகவே அந்த நண்பருக்கு ஒரே தண்டனை, அடுத்த வாரம் அவரோடு யாரும் ஜோடி சேராததுதான்.

சூதாட்டத் தடுப்புக்கு 1930-ம் ஆண்டுச் சட்டம் மாநிலத்தில் இருக்கிறது. சென்னை நகருக்கு 1888-ம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். இரண்டுமே முக்கியமாகக் குறிவைப்பது சூதாட்ட விடுதிகளை. திறமை சார்ந்த ஆட்டத்தைத் தனியாகப் பார்ப்பது நம் சட்டத்தில் பழைய வழக்கம். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் சென்னையிலிருந்து போன வழக்கில்தான். அதற்கு முன்பே, 1968-ல் ரம்மி வழக்கு ஒன்றில் அந்த நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. ஆட்டம் திறமை சார்ந்ததாக இருக்கலாம். ஆனால் இடம் கொடுப்பவர் பந்தயப் பணத்திலிருந்து லாபம் எடுத்தால் கதை வேறு.

கேரமில் அதிர்ஷ்டத்தின் பங்கு சொற்பம். 4.45 சென்டிமீட்டர் குழிக்குள் காயை அனுப்புவது முழுக்கக் கை வேலை. ஆனாலும் அந்த 1968 கோடு இங்கேயும் பொருந்தும். மன்றத்துக்குப் பவுடர் வாங்க ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவது ஒன்று. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜெயித்த பணத்தில் ‘போர்டு காசு’ என்று ஒருவர் எடுக்க ஆரம்பிப்பது வேறொன்று. அந்த இரண்டாவது ஆள் வந்துவிட்டால், ஆட்டம் முடியாமல் இருப்பதில்தான் அவருக்கு லாபம். தோற்றவரை ‘விட்டதைப் பிடி’ என்று உட்கார வைப்பார். தினக்கூலி வாங்கிய கையோடு போர்டுக்கு வந்தவர் அன்று வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். இந்தத் தெருக்களில் பெண்கள் கேரம் போர்டைக் கரித்துக்கொட்டக் காரணம் கேரம் இல்லை, இந்த ஆள்தான்.

அந்த ஆள் இப்போது போனுக்குள்ளும் வந்துவிட்டார். போர்டைச் சுற்றி நிற்கும் இளைஞர்களில் பலர், தங்கள் முறை வரும்வரை போனில் ஏதோ ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகளுக்குப் பிறகுதான், தமிழ்நாடு அரசு 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதே ஆண்டு கொண்டுவந்த தடைச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. ரம்மி, போக்கர் மீதான தடையை அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை கொண்டுவந்தது.

போனில் ஆடும்போது எதிராளியின் முகம் தெரியாது. பணம் யார் பைக்குப் போகிறது என்று தெரியாது. ‘போதும், வீட்டுக்குக் கிளம்பு’ என்று ஸ்ட்ரைக்கரைப் பிடுங்க ஒரு பெரியவர் இல்லை. தோற்றவருக்கு ஒரு டீகூடக் கிடையாது.

போக நினைப்பவர்களுக்கு...

கடற்கரை - கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் ராயபுரத்தில் இறங்கலாம். மெட்ரோவில் வருபவர்கள் வண்ணாரப்பேட்டையில். இரண்டு இடத்திலிருந்தும் ‘கல்மண்டபம்’ என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். காலையில் காசிமேட்டில் மீன் வாங்கப் போகும் கூட்டத்தோடு வருவதைவிட, கேரம் பார்க்க மாலை ஆறரைக்கு மேல் வருவது நல்லது. ஞாயிறு என்றால் போர்டு கிடைக்காது. வேடிக்கை நிறையக் கிடைக்கும்.

போர்டுக்கு அருகே சும்மா நிற்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பல்பு வெளிச்சத்தை மறைத்து மட்டும் நிற்காதீர்கள். ஆடிக்கொண்டிருப்பவரிடம் ஐடியா சொல்லும் உரிமை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும். போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

பெண்கள் தெரு போர்டில் உட்காருவது இன்னும் அபூர்வம்தான். உலக சாம்பியன்களைத் தந்த ஏரியாவில் இது ஒரு முரண். தெருவில் இடம் கிடைக்காத பெண்கள் வீட்டு போர்டிலும் பயிற்சி மையங்களிலும் ஆடித்தான் கோப்பை எடுத்து வருகிறார்கள். காசிமாவின் வெற்றிக்குப் பிறகு, மகளோடு போர்டு வாங்கப் போகும் அப்பாக்களைக் கடைகளில் பார்க்க முடிகிறது. அந்தப் பெண் வளர்ந்து வந்து தெரு போர்டில் ‘டீ பெட்டா?’ என்று கேட்டால், எழுந்து இடம் கொடுக்க எத்தனை பேர் தயார் என்பது தெரியவில்லை.

உட்கார அழைத்தால் தயங்காமல் உட்காரலாம். தெரியாவிட்டால் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாயின்ட் கொடுத்து ஆடுவார்கள். எப்படியும் தோற்கத்தான் போகிறீர்கள். அதனால் உட்காருவதற்கு முன் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிவிட்டு, பையில் சில்லறை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் சர்க்கரை கம்மி, சிலர் ஸ்ட்ராங், ஒருவர் கண்டிப்பாக ‘எனக்கு பால் மட்டும்’ என்பார்.